கடன் கணக்குத் தீர்க்கப் போன வக்கீல்

கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குத் தீர்ப்பது எவ்வளவு சங்கடமான வேலை என்பதை வியாபாரப் பெருமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல தேசங்கள் அவ்விதம் எதிரெதிரே உட்கார்ந்தபோது நடுவே இருந்தவர் ஓவன் யங் என்னும் அமெரிக்கர். அவர் அரசரல்ல, மந்திரியுமல்ல. வக்கீலாயிருந்து கம்பெனி நிர்வாகத்துக்கு வந்தவர்.

1874-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து வான் ஹார்ன்ஸ்வில் என்ற சிற்றூரில் குடியானவர் வீட்டில் பிறந்தார். பெற்றோர் நிலத்தை 1,000 டாலருக்கு அடமானம் வைத்து அவரைக் கல்லூரிக்கு அனுப்பினர். பின்னர் பாஸ்டன் நகரில் மூன்று வருஷச் சட்டப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்து, 1896-ல் தேறினார். அங்கேயே ஒரு வக்கீலிடம் வேலைக்கு அமர்ந்து, 1907-ல் அவருக்குக் கூட்டாளியானார்.

மின்சாரக் கம்பெனி வழக்குகளில் அவர் கெட்டிக்காரர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு எதிர்த்தரப்பிலும் நின்றார். அக்கம்பெனியின் தலைவர் சார்லஸ் காஃபின் அதற்காக மனக்கசப்புக் கொள்ளவில்லை. இப்படிப்பட்டவர் நம் பக்கம் இருப்பதே நல்லது என்று 1913-ல் தலைமை வக்கீலாகவும் உப தலைவராகவும் அழைத்துக்கொண்டார்.

முதல் மகாயுத்தம் முடிந்த சமயம், நெடுந்தூரம் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் இயந்திரங்களை மார்க்கோனி கம்பெனிக்கு விற்க ஜெனரல் எலெக்ட்ரிக் பேரம் பேசிக்கொண்டிருந்தது. அவை அந்நியர் கைக்குப் போகக்கூடாது என்று அமெரிக்கக் கடற்படையார் கேட்டுக்கொண்டனர். விற்காவிட்டால் சரக்கு தேங்கும். யங் ஒரு வழி கண்டார். மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனியையே வாங்கி, 1919-ல் ஆர்.சி.ஏ. என்னும் ரேடியோ ஸ்தாபனத்தை உண்டாக்கினார். ரேடியோ உரிமைப் பத்திரங்கள் பல கம்பெனிகளிடம் சிதறிக் கிடந்ததால், எவரும் தனியே நல்ல கருவி செய்ய முடியாதிருந்தது. அவர்களையும் உடன்படிக்கை செய்து ஒன்று சேர்த்தார். பிற்பாடு இந்தக் கூட்டே ஏகபோகம் என்று 1930-ல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1932-ல் கூட்டுப் பிரிந்தது.

1922-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் டைரக்டர் சபைத் தலைவரானார். ஜெரார்டு ஸ்வோப் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார். இருவரும் 1939 வரை இணைபிரியாது உழைத்தனர்.

இனி அந்தக் கடனைப் பார்ப்போம். யுத்த நஷ்டஈடாக ஜெர்மனி 13,200 கோடி தங்க மார்க் தரவேண்டும் என்று 1921-ல் நேச நாடுகள் விதித்தன. தவணை தவறியதும் 1923-ல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பிரதேசத்துள் புகுந்தன. அங்கே தொழில் முடங்கியது. ஏற்கனவே சரிந்துகொண்டிருந்த ஜெர்மன் நோட்டு வெறுங்காகிதமாயிற்று. கடையைப் பூட்டிவிட்டுக் கடனை எங்கே வசூலிப்பது?

1924-ல் டாவ்ஸ் தலைமையில் கூடிய குழுவில் யங் முக்கியமானவர். முதலில் ஜெர்மனிக்குப் புதுக்கடன் கொடுத்து நாணயத்தை நிலைநிறுத்தவும், தவணையைச் சிறிதாகத் தொடங்கி வருஷத்துக்கு வருஷம் கூட்டவும் ஏற்பாடாயிற்று. தொழில் மீண்டது. 1929-ல் பாரிஸில் கூடிய குழுவுக்கு யங்கே தலைவர். கடனைக் குறைத்து 1988 வரை தவணை வகுத்தார்கள். அதற்கு யங் திட்டம் என்றே பெயர்.

ஆனால் அவ்வருஷமே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வியாபாரம் படுத்தது. 1931-ல் தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 1932-ல் திட்டமே கைவிடப்பட்டது. சுமார் அறுபது வருஷத்துக்கு எழுதிய கணக்கு மூன்று வருஷம்கூட ஓடவில்லை. அந்தத் தவணைகளை வாங்கிப் பட்டுவாடா செய்ய 1930-ல் பாசல் நகரில் தோன்றிய சர்வதேசப் பாங்கு மட்டும் இன்றும் நடக்கிறது.

யங் 1962-ல் தமது 87-ம் வயதில் காலமானார். கடனாளி பிழைத்திருந்தால்தான் கடன் வரும் என்ற அவர் கணக்கில் பிழையில்லை. அறுபது வருஷத்துக்குப் பிந்திய சந்தையை இன்றே எழுதிவைக்க எந்தப் பேரேட்டிலும் இடமில்லை என்பதையும் அவர் சரித்திரமே காட்டுகிறது. தவணை எழுதும்போது இவ்விரண்டையும் நாம் நினைவில் வைப்பது நல்லது.