கதிரவனை வரைந்தவர்

ஓவியக் கலையில் சற்றும் பழக்கமில்லாதவர்கூட அந்தப் படத்தை எங்கேனும் கண்டிருப்பர். குருதிநிற வானம். கைப்பிடிச் சுவருள்ள நீண்ட பாதை. அங்கே காதுகள் இரண்டையும் பொத்திக்கொண்டு வாய் பிளந்து நிற்கும் ஓர் உருவம். 'அலறல்' என்று பெயர். நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மங்க் 1893-இல் வரைந்தது.

சென்ற ஆண்டு விடுதியில் என் கட்டிலுக்கு மேலே அதன் அச்சுப் பிரதி தொங்கியது. அப்போது எனக்கு இரவில் உறக்கம் இல்லை. பகலில் வகுப்புக்கு வரும் துணிவும் இல்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நான் விழுங்கவில்லை; டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் போட்டுவைத்தேன். விடுதிக் கையெழுத்து இதழில் நாலு கவிதை எழுதிப் பாராட்டுப் பெற்றவன் அல்லவா? கலக்கம் தீர்ந்தால் கவிதையும் தீர்ந்துவிடுமே என்ற அச்சம்! நண்பர் ஒருவரும் இந்தப் படத்தைக் காட்டி, வேதனை இல்லாமல் இது பிறந்திருக்குமா என்று கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த ஓவியரின் வாழ்க்கையை முழுதும் படித்தது அதற்குப் பிறகுதான். தோழர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

மங்க் 1863 டிசம்பர் 12-இல் பிறந்தார். தந்தை இராணுவ மருத்துவர். ஆயினும் நோய் அந்த வீட்டைவிட்டு அகலவில்லை. மகனுக்கு ஐந்து வயது நிரம்பிய மாதத்திலேயே தாய் காசநோயால் மறைந்தார். 1877-இல் அதே நோய்க்குத் தமக்கை சோஃபி பலியானாள். அவளுக்கு வயது பதினைந்து. தங்கை லாராவை மனநோய் பற்றியது. தாமும் அவ்வழியே போகப் போகிறோம் என்ற திகில் மங்க்கின் நெஞ்சில் இளமையிலேயே குடிபுகுந்துவிட்டது.

பொறியியல் படிப்பை 1880-இல் உதறிவிட்டுத் தூரிகையைப் பிடித்தார். தமக்கையின் மரணப் படுக்கையை நினைவிலிருந்து எடுத்து, 1886-இல் 'நோயுற்ற குழந்தை' என்னும் ஓவியமாக மக்கள்முன் வைத்தார். அது ஏளனத்துக்கு ஆளாயிற்று. 1892-இல் பெர்லினில் வைத்த கண்காட்சி ஒரே வாரத்தில் மூடப்பட்டது. அந்த அமளியே அவருக்குப் பெயரையும் வாங்கித் தந்தது என்பது வேறு கதை.

'அலறல்' ஓவியத்தின் மேல்மூலையில் பென்சிலால் எழுதிய சிறு வரி ஒன்று உண்டு. பைத்தியக்காரன் ஒருவனே இதை வரைந்திருக்க முடியும் என்பது அதன் பொருள். பார்வையாளர் யாரோ கிறுக்கியது என்று பலரும் எண்ணியிருந்தனர். அது மங்க்கின் கையெழுத்தே என்று நார்வேயின் தேசிய அருங்காட்சியகம் 2021-இல் உறுதி செய்தது. 1895-இல் மாணவர் கூட்டமொன்றில் மருத்துவம் படிக்கும் இளைஞர் ஒருவர் அவருடைய மனநலத்தை ஐயுற்றுப் பேசினார். அந்தப் புண்ணால் எழுதியது என்று கருதுகிறார்கள். இதைப் படித்த அன்று என் கட்டிலுக்கு மேலிருந்த படத்தை வேறு கண்ணோடு பார்த்தேன்.

நோயும் அச்சமும் நீங்கினால் தம் கலையும் நீங்கிவிடும் என்று மங்க் நெடுங்காலம் நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை பெரிது. குடி மிகுந்தது. 1902-இல் காதலி ஒருத்தியோடு நேர்ந்த சச்சரவில் துப்பாக்கி வெடித்து, இடக்கை விரல் ஒன்று சிதைந்தது. 1908 இலையுதிர் காலத்தில் கோபன்ஹேகனில், இல்லாத குரல்கள் காதில் விழ, யாரோ பின்தொடர்வதாக நடுங்க, உடலும் ஒத்துழைக்க மறுத்தது. டாக்டர் டேனியல் யாக்கப்சனின் மருத்துவ இல்லத்தில் சேர்ந்தார்.

ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்கே இருந்தார். அதிசய மருந்து ஒன்றும் இல்லை. ஓய்வு, உறக்கம், நல்ல உணவு, நீராடல், மதுவிலக்கு, அக்கால வழக்கப்படி மெல்லிய மின்சாரம். நோயாளி சும்மா இருந்தாரா? டாக்டர் தமக்கு மின்சாரம் ஏற்றுவதைக் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். 'ஆல்ஃபாவும் ஒமேகாவும்' என்னும் கதைக்குக் கல்லச்சுப் படங்கள் செய்தார். இடுப்பில் கைவைத்துக் கால் அகற்றி நிற்கும் டாக்டரையே ஆளுயரத்தில் வரைந்தார். பார்த்தால் வைத்தியர் நோயாளியை அடக்கியாள்கிறாரா, நோயாளி வைத்தியரையா என்று சொல்வது கடினம்!

1909-இல் தாய்நாடு திரும்பிக் கிராகரோ என்னும் கடற்கரை ஊரில் தங்கினார். கிறிஸ்டியானியாப் பல்கலைக்கழகம் தன் பேரவை மண்டபத்துக்கு ஓவியம் கேட்டிருந்தது. (1925 முதல் அந்நகரின் பெயர் ஆஸ்லோ.) திறந்த வெளியில் பெரும் துணிகளை விரித்து மங்க் உழைத்தார். முதலில் எதிர்ப்பு இருந்தது. 1916-இல்தான் பணி முடிந்தது. மண்டபத்தின் முன்சுவரை நிறைத்திருப்பது, கடலுக்கும் பாறைக்கும் மேலே எழும் கதிரவன். 'அலறல்' வரைந்த அதே கை! 1979-இல் அன்னை தெரசா நோபல் அமைதிப் பரிசு பெற்றது இந்த மண்டபத்தில்தான்.

1909-க்குப் பின் மங்க்கின் கலையில் பழைய ஆழம் இல்லை என்பார் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. பாய்ந்தோடி வரும் குதிரையையும், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர் கூட்டத்தையும் வரைந்தது அந்த ஆண்டுகளில்தான். அது மட்டுமா? 'நோயுற்ற குழந்தை'யை அவர் வாழ்நாளில் ஆறு முறை வண்ணத்தில் தீட்டினார். அவற்றுள் ஒன்று 1925-இல், அறுபது வயதைக் கடந்தபின். தமக்கையின் நினைவு மருத்துவ இல்லத்தில் தொலைந்துபோகவில்லை. அதை எடுத்து வரைய நடுங்காத கையும் உறங்கி எழுந்த உடலும் இப்போது அவருக்கு இருந்தன. இந்த இடத்தைப் படித்த இரவில்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

அதற்காக அவர் மகிழ்ச்சியில் திளைத்தார் என்று எண்ண வேண்டாம். 1916-இல் ஆஸ்லோவின் விளிம்பில் எக்கெலி என்னும் தோட்ட வீட்டை வாங்கித் தனிமையிலேயே வாழ்ந்தார். கூட்டத்தை ஒதுக்கினார். மணம் செய்துகொள்ளவில்லை. படங்களை மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைப்பார். தாங்கும் படம் தாங்கட்டும் என்ற எண்ணம் போலும். 1930-இல் வலக்கண்ணில் குருதி கசிந்து பார்வை மறைந்தபோது, அந்தக் கண்ணில் மிதந்த கறைகளையே வரைந்து பார்த்தார்!

1937-இல் ஜெர்மனியின் நாஜி ஆட்சி இழிந்த கலையென்று கூறி அங்கிருந்த அவருடைய படைப்புகள் 82-ஐப் பறிமுதல் செய்தது. 1940-இல் நார்வேயையே பிடித்துக்கொண்டது. கிழவர் வரைவதை நிறுத்தவில்லை. 1944 ஜனவரி 23-இல், எண்பது வயதில், எக்கெலியிலேயே உயிர் நீத்தார். தம்மிடமிருந்த படைப்புகளை எல்லாம் ஆஸ்லோ நகருக்கே எழுதி வைத்திருந்தார். மாடி அறைகளைத் திறந்து எண்ணிப் பார்த்தபோது, வண்ண ஓவியங்கள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் இருந்தன.