சுருக்கெழுத்தாளர் குட்வின்

கொங்கு நாட்டின் வடமேற்கே வானளாவி நிற்பது நீலகிரி. கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் உதகமண்டலத்தை அடையலாம். அங்கே, புனித தோமையார் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில், ஆங்கில இளைஞர் ஒருவர் துயில்கின்றார். அவரே விவேகானந்தரின் சொற்பொழிவுகளைக் காத்தளித்த குட்வின்.

குட்வின் 1870-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். சுருக்கெழுத்துக் கலையில் தேர்ந்து, அதனையே தொழிலாகக் கொண்டார். பின்னர் அமெரிக்கா சென்றார்.

விவேகானந்தர் 1895-இல் நியூயார்க்கில் சொற்பொழிவுகள் ஆற்றி வந்தார். அவர் எழுதிவைத்துப் படிப்பவர் அல்லர். உள்ளத்தில் ஊறியதை அருவியெனப் பொழிபவர். எழுதிக்கொள்வார் இன்மையால் அரிய கருத்துகள் காற்றோடு கலந்து மறைந்தன. இதனைக் கண்டு வருந்திய அன்பர்கள், அவ்வாண்டு டிசம்பரில் குட்வினை அமர்த்தினர்.

சுருக்கெழுத்து, எழுத்துக்கூட்டி எழுதுவதன்று. செவியில் விழும் ஒலியைக் கோட்டாலும் புள்ளியாலும் குறிப்பது. 1837-இல் ஐசக் பிட்மன் வகுத்த முறையில், கோடு மெலிந்தால் ஓர் ஒலி. தடித்தால் மற்றோர் ஒலி. அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிக்குறிகள் உண்டு. அவற்றை எண்ணிப் பாராமலே கை எழுதுமளவு பயிலுதல் வேண்டும். ஒரு குறியை நினைவுகூரத் தயங்கினால், அதற்குள் பேச்சு நெடுந்தொலைவு சென்றுவிடும். வேதாந்தம், யோகம் போன்ற புதிய சொற்களையோ, ஒலி பிசகாது கேட்டுப் பொருளுணர்ந்து எழுதுதல் வேண்டும்.

குட்வின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சொற்களை எழுத வல்லவர். கேட்டதைக் குறித்துக்கொண்டு, உடனுக்குடன் தட்டச்சில் பெயர்த்துத் தருவார். நாளடைவில் அச்சொற்கள் அவர் உள்ளத்தையே கவர்ந்தன. ஊதியம் வேண்டாமென மறுத்து, விவேகானந்தரின் சீடரானார். கரும யோகம், ஞான யோகம் முதலிய நூல்கள் அவர் எடுத்த குறிப்புகளால் உருப்பெற்றன.

1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பில் வந்திறங்கியபோது குட்வினும் உடன் வந்தார். இராமநாதபுரம், மதுரை, கும்பகோணம், சென்னை ஆகிய ஊர்களில் நிகழ்ந்த உரைகள் நூலாகி நிலைபெற்றதற்கு அவருடைய உழைப்பே காரணம்.

பழகாத தட்பவெப்பம் அவர் உடலை வாட்டியது. உதகமண்டலத்தில் குடற்காய்ச்சலுற்று, 1898 ஜூன் 2-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 27. இமயமலைச் சாரலில் அல்மோராவில் இருந்த விவேகானந்தர், செய்தி கேட்டுத் தம் வலக்கையையே இழந்தவர்போல் வருந்தினார். இரங்கற்பா ஒன்று இயற்றிக் குட்வினின் அன்னைக்கு அனுப்பினார்.

குட்வின் மேடையேறிப் பேசிப் புகழ் தேடியவர் அல்லர். பிறர் சொல்லை ஒன்றும் கூட்டாது, ஒன்றும் குறைக்காது எழுதுவதையே தொண்டாகக் கொண்டார். பேசிய நாவும் எழுதிய கையும் ஓய்ந்துவிட்டன. எழுதப்பெற்ற சொல்லோ இன்றும் வாழ்கின்றது.