சேற்றைக் கற்ற செம்மல்

கரையில் நின்று கடலைக் காண்போர் அதன் அலைகளைக் கண்டு வியப்பர். அதன் உள்ளே முத்தும் பவளமும் உண்டென எண்ணி மகிழ்வர். அடியில் கிடக்கும் சேற்றை ஒரு பொருளாக மதிப்பார் அரியர். அச்சேற்றைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, கடலின் இயல்பை உலகுக்கு விளக்கிய பேரறிஞர் ஜான் மர்ரே ஆவார்.

மர்ரே கனடா நாட்டில் 1841-ஆம் ஆண்டு பிறந்தார். பதினேழாம் வயதில் தம் முன்னோர் நாடாகிய ஸ்காட்லாந்தை அடைந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தாம் விரும்பிய பாடங்களைக் கற்றார். ஆனால் பட்டம் பெற விழையவில்லை. 1868-ஆம் ஆண்டு திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் வடதுருவக் கடலுக்குச் சென்று திரும்பினார்.

1872-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாலஞ்சர்' என்னும் கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்டது. அதில் சென்ற அறிஞர் குழுவில் மர்ரேயும் ஒருவர். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகளில் அக்கப்பல் 69,000 கடல் மைல் சுற்றி வந்தது. கடலின் ஆழத்தை அளந்தபோதெல்லாம் அடியிலிருந்து சிறிது சேறும் மேலே வந்தது. மர்ரே அதனைப் போற்றித் திரட்டினார். குழுத்தலைவர் வைவில் தாம்சன் 1882-இல் மறைந்தபின், பயண அறிக்கையை வெளியிடும் பெரும் பொறுப்பை மர்ரே ஏற்றார். ஐம்பது தொகுதிகள் கொண்ட அவ்வறிக்கை 1895-இல் நிறைவுற்றது.

கரையை அடுத்த கடலடிகளில் நீலநிறச் சேறு கிடக்கிறது. மர்ரே, இராபர்ட் இர்வின் என்னும் இரசாயன அறிஞருடன் சேர்ந்து அச்சேற்றில் ஊறிய நீரை ஆராய்ந்தார். மடிந்த உயிர்கள் சேற்றில் அழுகும்போது, கடல்நீரிலுள்ள சல்பேட்டு உப்பு குறைவதை இருவரும் கண்டனர். இதன் காரணத்தை ஓர் உவமையால் உணரலாம். சிவகாசிப் பட்டாசின் மருந்து காகிதச் சுருளுக்குள் இறுக அடைக்கப்பட்டிருந்தும் எரிகிறது. அம்மருந்தில் கலந்துள்ள வெடியுப்பு, அஃதாவது நைட்ரேட்டு உப்பு, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தருகிறது. அவ்வாறே, நீரில் கரைந்த பிராணவாயு தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டு உப்பையும், பின்னர்ச் சல்பேட்டு உப்பையும் நாடுகின்றன. முடிவில், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது.

கிறிஸ்மஸ் தீவின் பாறையை ஆராய்ந்து அதில் பாஸ்பேட்டு இருப்பதை மர்ரே அறிந்தார். அதனால் அவருக்குப் பெருஞ்செல்வம் வாய்த்தது. அதில் ஒரு பகுதியைக் கடலாராய்ச்சிக்கென விட்டுச்சென்றார். 1914-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மோட்டார் வண்டி விபத்தில் உயிர்நீத்தார்.

அவர் மறைந்தும் அவர் பணி நிற்கவில்லை. அவர் வைத்த பொருளைக் கொண்டு, 1933-ஆம் ஆண்டு 'மபாஹிஸ்' என்னும் எகிப்தியக் கப்பல் அரபிக்கடலை ஆராயச் சென்றது. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநராய்ப் பணியாற்றிய சீமூர் சூவெல் அதன் தலைவர். அரபிக்கடலின் நடு ஆழத்தில் பிராணவாயு மிகக் குறைந்திருப்பதையும், அரேபியக் கரையை அடுத்த கடலடியில் உயிரற்ற பரப்பொன்று இருப்பதையும் அக்குழு கண்டது.

இவ்வுண்மை நம் நாட்டு மீனவர் வாழ்வோடு தொடர்புடையது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், பிராணவாயு குறைந்த ஆழ்நீர் இந்தியாவின் மேற்குக் கரையோரம் மேலெழுந்து பரவுகிறது. மழைநீர் அதன்மேல் மூடிபோலப் படிந்து, மேலுள்ள காற்று கலவாமல் தடுக்கிறது. செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் அடிநீரில் பிராணவாயு அருகிவிட, மீனும் இறாலும் இடம்பெயர்கின்றன. வலை வெறுமையாக மீள்கிறது. 1999-ஆம் ஆண்டு கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்தார் இந்நிலை கடுமையாகி, நச்சுவாயுவும் தோன்றியதைக் கண்டறிந்தனர். நிலத்திலிருந்து கடலில் சேரும் உரச்சத்து இக்கேட்டை வளர்க்கக்கூடும் என்றும் எச்சரித்தனர்.

பிறர் ஒதுக்கிய சேற்றில் கடலின் நலத்தையும் நலிவையும் அறியலாம் என மர்ரே காட்டினார். எளியதென எப்பொருளையும் இகழாது ஆராய்வோர், தாம் மறைந்த பின்னும் உலகுக்குப் பயன்படுவர் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.