சிட்னி ஓபரா ஹவுஸ் இருக்கும் இடம் யாருடையது? யார் இந்த பென்னலாங்?

சிட்னி ஓபரா ஹவுஸ் முன்னால நின்னு செல்ஃபி எடுக்காத டூரிஸ்ட் இல்லை. அந்த முனைக்குப் பெயர் பென்னலாங் பாயின்ட். பென்னலாங், வங்கல் குலத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் பழங்குடி.

1788-ல் கைதிகளை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே குடியேற வந்தன. மறு வருஷமே பெரியம்மை பரவி, பழங்குடி மக்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மிச்சமிருந்தவர்களோட பேச ஆள் வேணும். ஆளுநர் ஆர்தர் பிலிப் கண்டுபிடித்த வழி, ஆள் கடத்தல்! 1789 நவம்பரில் பென்னலாங் சிக்கினார். காலில் விலங்கு. ஆறே மாதத்துக்குள் தப்பிவிட்டார்.

1790 செப்டம்பரில் அவரைச் சந்திக்க மேன்லி கடற்கரைக்குப் போன பிலிப்பின் தோளில் ஈட்டி பாய்ந்தது. கடத்தலுக்குப் பழங்குடி வழக்கப்படி கொடுத்த தண்டனை இது, ஏற்பாடு செய்ததே பென்னலாங்தான் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். பிலிப் பழிவாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் நெருக்கமே! பென்னலாங் கேட்டபடி அந்த முனையில் செங்கல் வீடும் கட்டித் தந்தார்.

1792-ல் பிலிப்போடு இங்கிலாந்து பயணம். கூடப் போன இளைஞர் யெம்மரவானி அங்கேயே இறந்துபோனார். பென்னலாங் ஊர் திரும்பியது 1795-ல்.

1813-ல் அவர் இறந்தபோது, சிட்னி கெஜட் பத்திரிகை அவரைத் திருந்தாத குடிகாரராகவே எழுதியது. பல தலைமுறைக்கு அதுதான் 'வரலாறு'. ஆனா கடைசி வருஷங்களில் பாரமட்டா ஆற்றங்கரையில் தன் மக்களுக்குத் தலைவராக வாழ்ந்தவர் அவர் என்பது பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லும் கதை.

அவர் கல்லறை இருப்பதாக நம்பப்படும் வீட்டுமனையை, நினைவிடம் அமைக்க நியூ சவுத் வேல்ஸ் அரசு விலைக்கு வாங்கியது 2018-ல்தான்.