கால்வாயில் விழுந்த குண்டும், வற்றிப்போன எண்ணெய்க் கிணறும்

ஃப்ராக்கிங்னு சொன்னாலே பெரிய பெரிய பம்ப், லாரி, ஹை பிரஷர் தண்ணிதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா பாறையை உடைச்சு எண்ணெய் எடுக்குற ஐடியா 1860-கள்லயே வந்துடுச்சு. அதுக்குச் சொந்தக்காரர் எட்வர்ட் ராபர்ட்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் படை அதிகாரி.

1862 டிசம்பர்ல வர்ஜீனியாவில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் சண்டை. அங்க ஒரு குறுகலான கால்வாய்க்குள்ள குண்டுகள் விழுந்து வெடிச்சதை ராபர்ட்ஸ் பார்த்தார். அந்தக் காட்சி அவருக்கு ஒரு வழி காட்டிச்சு.

அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1859-ல், பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் எண்ணெய் எடுத்திருந்தார். சீக்கிரமே பல கிணறுகள்ல வரத்து குறைஞ்சுது. பாறை இடுக்குகளை மெழுகு அடைச்சுக்கிட்டது ஒரு காரணம். ராபர்ட்ஸ் ஒரு இரும்புக் குழாயில வெடிமருந்தை நிரப்பி, எண்ணெய்ப் பாறை இருக்குற ஆழத்துக்கு இறக்கினார். அதுக்கு மேல கிணறு முழுக்கத் தண்ணி. தண்ணியோட எடை அழுத்துறதால வெடிப்போட சக்தி மேல போகாம பாறைக்குள்ள பாயும். இதுக்குப் பேர் டார்பிடோ.

1865 ஜனவரியில் முதல் சோதனை. அடுத்த வருஷ டிசம்பர்ல, ஒண்ணுமே வராத வுடின் கிணறு முதல் டார்பிடோவுக்கு தினம் 20 பீப்பாய் கொடுத்துச்சு. ரெண்டாவதுக்கு 80!

பேடன்ட் அவர் கையில. ஒரு டார்பிடோவுக்கு 100 முதல் 200 டாலர், கூடுதலா வர்ற எண்ணெய்ல 15-ல் ஒரு பங்கு. கட்டணம் அதிகம்னு பலர் ராத்திரியில திருட்டுத்தனமா ஆள் வச்சு வெடிச்சாங்க. அவங்களுக்கு மூன்லைட்டர்கள்னு பேர். லேசா தட்டினாலே வெடிக்கிற நைட்ரோகிளிசரினைச் சுமந்து போய் உயிரை விட்டவங்களும் உண்டு. ராபர்ட்ஸ் வழக்குகளுக்கே ஏறக்குறைய 2.5 லட்சம் டாலர் செலவு பண்ணினார். 1881-ல் டைட்டஸ்வில்லிலேயே இறந்தார்.

1947-ல் கான்சாஸில் வெடி இல்லாம, திரவ அழுத்தத்தாலேயே பாறையைப் பிளந்து பார்த்தாங்க. 1949-ல் அது தொழிலாவே மாறுச்சு. இப்போ விரிசல் மூடாம இருக்க மணலும் சேர்த்து அனுப்புறாங்க. ராபர்ட்ஸ் மூடியா வச்ச தண்ணிதான் இன்னைக்குப் பாறையையே உடைக்குது.

ராபர்ட்ஸ் தன் உழைப்புக்குத்தான் காசு கேட்டார், அது தப்பில்ல. ஆனா அந்த விலை கட்டுப்படியாகாம இருட்டுல செத்தவங்களையும் மறக்க முடியல. நாளைக்கு நம்ம ப்ராஜெக்ட்டுக்கு பேடன்ட் வாங்கினா, நாம என்ன விலை வைப்போம்?