தோற்றவன் பக்கம் நின்ற கவிஞர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இந்திரசித்து என்றதும் மாயப் போர் புரிந்த அரக்கனே நம் நினைவுக்கு வருவான். மேகநாதன் என்ற இயற்பெயர் கொண்ட அவனைக் காப்பியத் தலைவனாக்கி, அவன் சாவுக்காகப் படிப்பவரைக் கண்ணீர் சிந்த வைத்தார் ஒரு வங்கக் கவிஞர். அவர்தாம் மைக்கேல் மதுசூதன தத்தர். புராணக் கதையை எதிர்த்தரப்பிலிருந்து சொல்லும் புதினங்கள் இன்று பல வருகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னோடியாக 1861-லேயே அவ்வழியில் நடந்தவர் அவர். தம் வாழ்நாளில் எட்டு ஆண்டுகளை அவர் நம் சென்னையில் கழித்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பிறப்பும் இளமையும்

மதுசூதனர் 1824 ஜனவரி 25-ஆம் நாள், இன்றைய வங்காள தேசத்திலுள்ள சாகர்தாரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை இராஜநாராயண தத்தர் கல்கத்தாவில் வழக்கறிஞர். தாய் ஜானவி தேவி இராமாயண, பாரதக் கதைகளைச் சொல்லி மகனை வளர்த்தார். கல்கத்தா இந்துக் கல்லூரியில் சேர்ந்ததும் ஆங்கில மோகம் அவரைப் பற்றிக்கொண்டது. இங்கிலாந்து சென்று ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெற வேண்டும் என்பதே அவர் கனவு. தாய்மொழி அவர் கண்ணுக்கு எளியதாகப் பட்டது. 1843-இல் கிறித்தவரானார். அதனால் இந்துக் கல்லூரியை விட்டுப் பிஷப் கல்லூரியில் சேர நேர்ந்தது. சில ஆண்டுகளில் தந்தையின் பண உதவியும் நின்றது.

சென்னை வாழ்க்கை

1848-இல் கையில் காசின்றிச் சென்னை வந்து, ஆண் அநாதைகள் விடுதிப் பள்ளியில் ஆசிரியரானார். இங்கேயே ரெபேக்கா என்னும் பெண்ணை மணந்தார். பள்ளி வேலை போக, ஈப்ரு, கிரேக்கம், இலத்தீன், தெலுங்கு, வடமொழி என்று மணிக்கணக்காக மொழிகளைக் கற்றார். 1849-இல் தம் ஆங்கிலக் கவிதை நூலைச் சென்னையில் வெளியிட்டார். அதைக் கண்ட பெதூன் என்னும் ஆங்கிலேயக் கல்வி அதிகாரி, இத்தகைய ஆற்றலைத் தாய்மொழிக்குச் செலவிடுவதே நலம் என்று அறிவுரை கூறி அனுப்பினார். அது அவர் நெஞ்சில் தைத்தது. வங்காளி இராமாயணத்தையும் பாரதத்தையும் அனுப்பும்படி கல்கத்தா நண்பருக்கு எழுதினார். தாய் மடியில் கேட்ட கதைகளை அயலூரில் இருந்துகொண்டு மீண்டும் தேடினார்.

மேகநாதன் வதம்

தந்தை இறந்தபின் 1856-இல் அவர் கல்கத்தா திரும்பினார். மனைவியையும் நான்கு குழந்தைகளையும் சென்னையிலேயே விட்டுச் சென்றது அவர் வாழ்வில் மறைக்க முடியாத கறை.

கல்கத்தாவில் காவல் நீதிமன்ற ஊழியராய் இருந்துகொண்டே நாடகங்கள் எழுதினார். எதுகை இல்லாத செய்யுளை வங்காளி தாங்காது என்றார் நண்பர் ஜதீந்திரமோகன் தாகூர். தாங்கும் என்று வாதிட்ட மதுசூதனர், 1860-இல் எழுதியே காட்டினார். மறு ஆண்டு வந்ததே ஒன்பது சருக்கங்கள் கொண்ட 'மேகநாத வதம்'.

மகன் வீரபாகு மாண்ட செய்தி கேட்டு இராவணன் கலங்குவதில் காப்பியம் தொடங்குகிறது. கம்பனில் இந்திரசித்து வில்லேந்திப் போர்க்களத்தில் மடிகிறான். மதுசூதனரோ, ஆயுதமின்றி வழிபாட்டில் இருக்கும் மேகநாதனை, வீடணன் துணையுடன் மறைந்து புகுந்த இலக்குவன் கொல்வதாகப் பாடினார். பூசைப் பாத்திரங்களை எடுத்து வீசிப் போராடுகிறான் வீரன். காட்டிக்கொடுத்த சிற்றப்பனைப் பார்த்து அவன் கேட்கும் கேள்விகளில் காப்பியத்தின் உயிரே இருக்கிறது. இறுதியில் மனைவி பிரமீளா அவனுடன் தீயில் இறங்குகிறாள். மேகநாதனைக் கொல்லும் பகுதியை எழுதுகையில் தாமே அழுததாகக் கவிஞர் நண்பருக்குத் தெரிவித்தார். தாய்நாட்டைக் காக்க நின்று தோற்ற வீரனின் துயரம், அந்நியர் ஆட்சியில் இருந்த மக்களின் உள்ளத்தைத் தொட்டதில் வியப்பில்லை. 1877-இல் இக்காப்பியத்தைக் கடுமையாகச் சாடிய இளைஞர் இரவீந்திரநாத தாகூரே பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

இறுதி நாட்கள்

1862-இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். கனவு கண்ட மேலைநாட்டில் அவருக்குக் கிடைத்தது கடனும் பசியும். பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் நகரில் குடும்பத்துடன் தவித்தபோது, பணம் அனுப்பிக் காத்தவர் ஈசுவரசந்திர வித்யாசாகர். அந்த வறுமையிலும் பிறந்த ஊரின் கபோதாட்ச நதியை எண்ணி வங்காளியில் கவிதை எழுதினார். 1867-இல் பாரிஸ்டராகத் திரும்பியும் கடன் தீரவில்லை. 1873 ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தா மருத்துவமனையில் காலமானார். அவர் வாழ்க்கைத் துணைவியாயிருந்த ஹென்ரியெட்டா மூன்று நாட்களுக்கு முன்பே இறந்திருந்தார்.

நாம் கற்பது

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆங்கிலத்தில் பாடம் கேட்ட முதல் நாட்களில், தமிழில் படித்து வந்ததே குற்றமோ என்று மருகியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, கூத்தில் இந்திரசித்து சாயும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அரக்கனுக்காக ஏன் அழுகிறீர்கள் என்று அப்போது கேலி செய்தேன். மதுசூதனர் வரலாற்றைப் படித்தபின் அந்தக் கேலிக்காக வெட்கப்படுகிறேன். பல மொழிகளைக் கற்ற அப்பெருங்கவிஞரும் என் பாட்டியும் அழுதது ஒரே வீரனுக்காகத்தான். ஆங்கிலத்தை நன்றாகக் கற்போம். வீட்டில் கேட்ட கதையையும் மொழியையும் கைவிடாதிருப்போம்.