முன்சீப் கேட்ட கேள்வி

கொட்டிவாக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்மில் பலருக்கு, ரீல்ஸ் தள்ளித் தள்ளித்தான் ராத்திரி தூக்கமே வருது. எல்லாம் நமக்குப் பிடிச்சதாவே வரும். அதனால நம்ம ரசனை நம்மளோடதுதான்னு நம்பிக்கிட்டிருக்கோம். பக்கத்துல பெசன்ட் நகரில் ஒரு நூலகம் இருக்கிறது. அது யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய கதை இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிவிடும்.

உ.வே.சாமிநாதையர், 1855இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே தமிழ்ப் பைத்தியம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று திருவாவடுதுறை மடத்துப் புலவர் வட்டம் எதையெல்லாம் கொண்டாடியதோ, அதையெல்லாம் கரைத்துக் குடித்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தது. அப்போது வயசு கிட்டத்தட்ட 25.

அதே வருஷம் அக்டோபரில், அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். படித்த நூல்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை!

உழைப்பில் குறையில்லை, வட்டம்தான் காரணம். சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்தைச் சுற்றியிருந்தவர்கள் அதைப் பாடம் சொல்லவில்லை. நம்ம ரெக்கமண்டேஷன் அல்காரிதமும் பெரும்பாலும் இதைத்தான் செய்யுது: உன்னை மாதிரி ஆட்கள் பார்த்ததை உனக்குக் காட்டும். அவங்க யாரும் தொடாதது உன் கண்ணில் படாது. படலைன்னு உனக்குத் தெரியவும் தெரியாது.

முதலியார் தந்த பிரதியைப் பிரித்தால், பல இடங்கள் புரியவில்லை. நாமாக இருந்தால் மூணு செகண்டில் தள்ளியிருப்போம். ஆப்பும் அதைக் குறித்துக்கொண்டு, அந்த மாதிரி விஷயங்களை அப்புறம் குறைவாகத்தான் காட்டும். ஐயர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய் அர்த்தம் கேட்டார். ஊர் ஊராக ஏட்டுச்சுவடி திரட்டி ஒப்பிட்டார். ஏழு வருஷம் கழித்து, 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அடுத்து பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898.

1942இல் அவர் மறைந்தார். அடுத்த வருஷம் அவர் பெயரில் அந்த நூலகம் உருவானது.

நம்ம வாட்ச் ஹிஸ்டரியை யாரிடமாவது பெருமையாக அடுக்கினால், பதிலுக்கு முதலியார் மாதிரி ஒரு கேள்வி கேட்க நம்ம பக்கத்துல ஆள் இருக்கா? இருந்தா விட்டுடாதீங்க. அவர் சொல்றது முதல் பத்துப் பக்கம் புரியலைன்னாலும் மூடி வெச்சிடாதீங்க.